கிரேக்கரிடம் ஓரையை வாங்கினோம், கேள்வியை வாங்கவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

சாக்ரடீஸ் தன் வாழ்நாளில் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பிளேட்டோ, செனபோன் போன்றவர்கள் எழுதி வைத்ததுதான். ஆனால் எனக்கு மட்டும் அவர் தினமும் காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பொன்மொழி அனுப்பிவிடுகிறார். மேலே சூரிய உதயம், நடுவில் தாமரைப் பூ, கீழே அறிவுரை, அதற்கும் கீழே 'சாக்ரடீஸ்' என்று பெயர். அடுத்த வாரம் அதே அறிவுரை அரிஸ்டாட்டில் பெயரில் வரும். அதற்கடுத்த வாரம் அப்துல் கலாம் பெயரில் வரும்.

அனுப்புகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள். எனக்குள் எழுந்தது வேறு ஒரு கேள்வி. ஏறத்தாழ 2,400 வருடங்களுக்கு முன் ஏதென்ஸ் கடைத்தெருவில் வெறுங்காலோடு நடந்த ஒரு மனிதர், பாலக்கோடு தாலுகாவில் உள்ள நம் மாரண்டஹள்ளி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறார். அவரிடமிருந்தும் அவர் கூட்டத்தாரிடமிருந்தும் நாம் உண்மையில் எதை வாங்கிக்கொண்டோம், எதை வாங்காமல் விட்டோம்?

முதலில், வாங்கிக்கொண்டது என்று தெரியாமலே வாங்கிக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பாருங்கள். சுக்கிர ஓரை, குரு ஓரை என்று போட்டிருக்கும். நிலம் பத்திரம் பதிய, பெண் பார்க்க, மஞ்சள் வாங்க எல்லாவற்றுக்கும் ஓரை பார்ப்போம். அந்த 'ஓரை' என்ற சொல் வடமொழி 'ஹோரா' வழியாக நமக்கு வந்தது. வடமொழிக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத்தில் 'ஹோரா' என்றால் பொழுது, மணி நேரம்.

சொல் மட்டுமல்ல, கணக்கும் அங்கிருந்து வந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது சூரிய ஓரை. அதற்குப் பின் சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என்று சுற்றிக்கொண்டே வாருங்கள். 24 ஓரை முடிந்து 25ஆவதாக வருவது சந்திர ஓரை. அதனால் மறுநாள் திங்கட்கிழமை. வாரத்தின் ஏழு நாளும் இந்த வரிசையில் வந்ததற்கு இதுதான் காரணம். ஜாதகத்தில் சொல்லும் 'கேந்திரம்' என்பதும் 'கென்ட்ரோன்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். கேந்திரிய வித்யாலயா என்ற பெயர்ப் பலகையைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

யவனர் என்று நம் முன்னோர் அழைத்த இவர்களோடு நமக்குத் தொடர்பு நெருக்கமாகவே இருந்தது. கொங்கு நாட்டில் கரூர், கோயம்புத்தூர்ப் பக்கமெல்லாம் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. இந்தியப் பொருள்களுக்காக ரோமப் பேரரசின் பணம் வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் கரைகிறதே என்று பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் அப்போதே புலம்பியிருக்கிறார். நம் மிளகுக்குக் கொடுத்த விலையும் அதில் சேர்ந்ததுதான்.

ஆக, காசு வந்தது, ஒயின் ஜாடி வந்தது, ஓரை வந்தது. சாக்ரடீஸ் மட்டும் அப்போது நம் பக்கம் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. அவர் வெகு காலம் கழித்து, ஆங்கிலப் பள்ளிக்கூடம் வழியாக, வெள்ளைக்காரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வந்த பிறகு வெள்ளைக்காரனுக்கு எதிராகவே நின்றார் என்பதுதான் வேடிக்கை.

1908இல் தென்னாப்பிரிக்காவில் காந்தி சிறைக்குப் போனார். அந்த வருடமே, சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் பேசியதாகப் பிளேட்டோ எழுதியதைக் குஜராத்தியில் சுருக்கி, 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் தொடராக வெளியிட்டார். ஒரு சத்திய வீரனின் கதை என்று அதற்குத் தலைப்பு. 1910இல் 'இந்து சுயராஜ்ய'த்தோடு சேர்த்து இதையும் பிரிட்டிஷ் இந்திய அரசு தடை செய்தது. யோசித்துப் பாருங்கள். தன் பிள்ளைகளுக்கு கல்லூரியில் பாடமாக வைத்த அதே சாக்ரடீஸை, ஒரு இந்தியன் தன் தாய்மொழியில் எழுதினால் தடை!

நம் பக்கத்துக்கு வருவோம். நம்மூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ராயக்கோட்டை தாண்டி ஓசூர். அதற்குப் பக்கத்தில் தொரப்பள்ளி. 1878இல் ராஜாஜி பிறந்த ஊர். அப்போது எல்லாமே சேலம் மாவட்டம். 1965இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 2004இல் கிருஷ்ணகிரி பிரியும் வரை தொரப்பள்ளியும் மாரண்டஹள்ளியும் ஒரே மாவட்டம்தான். அந்த ராஜாஜி 'சோக்ரதர்' என்ற பெயரில் சாக்ரடீஸைப் பற்றித் தமிழில் நூல் எழுதினார். ரோமாபுரிச் சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸின் சிந்தனைகளையும் 'ஆத்ம சிந்தனை' என்று தமிழில் தந்தார். இன்றைக்கு பெங்களூரு ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் 'ஸ்டோயிக்' என்று சொல்லிக்கொண்டு ஆங்கிலத்தில் வாங்கிப் படிக்கும் அதே மார்க்கஸ் அரேலியஸ்தான். தங்கள் தாத்தா காலத்திலேயே அவர் எளிய தமிழில் கிடைத்தார் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வெ. சாமிநாத சர்மா என்று ஒருவர் இருந்தார். 1895இல் பிறந்தவர். பர்மாவில் பத்திரிகை நடத்தினார். 1942இல் ஜப்பான் குண்டு போட்டபோது அங்கிருந்து நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். பிளேட்டோவின் 'குடியரசு' நூலைத் தமிழில் கொண்டுவந்தார். கிரேக்க நாட்டு வரலாற்றையும் தமிழில் எழுதினார். 1978இல் காலமானார். பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையைத் தனி மனிதராகச் செய்தார்.

மறுபக்கம் பெரியார். 'தென்கிழக்கு ஆசியாவின் சாக்ரடீஸ்' என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ராஜாஜியும் பெரியாரும் அரசியலில் எலியும் பூனையும், தனி வாழ்க்கையில் நண்பர்கள். 1972இல் ராஜாஜியின் இறுதிச் சடங்கில் பெரியார் கண்ணீர் விட்டதை நம் தலைமுறை மறக்காது. ஒருவர் சாக்ரடீஸைத் தமிழில் எழுதினார். இன்னொருவரைச் சாக்ரடீஸ் என்றே மக்கள் அழைத்தார்கள். இரண்டு எதிர்க்கட்சிக்கும் பொதுவான சொந்தக்காரராக ஒரு கிரேக்கக் கிழவர் இருந்திருக்கிறார்!

அப்புறம் சினிமா. 1956இல் வந்த 'ராஜா ராணி' படத்தில் கலைஞர் வசனத்தில் சிவாஜி சாக்ரடீஸாக நடித்தார். தமிழ்நாட்டில் சாக்ரடீஸைக் குக்கிராமம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது பிளேட்டோ அல்ல, சிவாஜிதான். பள்ளி ஆண்டுவிழா என்றால் வெள்ளை வேட்டியைத் தோளில் சுற்றிக்கொண்டு, பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு, ஒரு பையன் அந்த வசனத்தை மூச்சு விடாமல் பேசுவான். கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

என் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது.

நாம் வாங்கிக்கொண்டது சாக்ரடீஸின் சாவை. விஷக் கிண்ணத்தை, கடைசிப் பேச்சை, தியாகத்தை. அவருடைய வேலையை வாங்கவில்லை. அவர் வேலை பேசுவது இல்லை, கேட்பது. நீண்ட சொற்பொழிவு எனக்கு வராது, சின்னக் கேள்வி, சின்னப் பதில் போதும் என்று எதிராளியிடம் கெஞ்சுகிற ஆள் அவர். அவரையே நாம் மேடைப் பேச்சாளர் ஆக்கிவிட்டோம்.

மேடைப் பேச்சைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதைப் பிளேட்டோவின் 'கோர்கியாஸ்' உரையாடலில் பார்க்கலாம். ஒரு வைத்தியர் மேல் வழக்கு. வழக்குப் போட்டவர் பலகாரம் செய்கிறவர். நீதிபதிகள் எல்லாரும் சின்னக் குழந்தைகள். இந்த ஆள் உங்களுக்குக் கசப்பு மருந்து கொடுத்தான், கத்தியால் அறுத்தான், பட்டினி போட்டான், நானோ இனிப்பு கொடுத்தேன் என்கிறார் பலகாரக்காரர். வைத்தியர் என்ன வாதாடி ஜெயிக்க முடியும்? தன் வழக்கும் இப்படித்தான் முடியும் என்று அதில் சாக்ரடீஸ் சொல்கிறார். அப்படியேதான் முடிந்தது. கி.மு. 399இல், எழுபது வயதில், இளைஞர்களைக் கெடுக்கிறார், ஊர்த் தெய்வங்களை மதிக்கவில்லை என்று குற்றம் சாட்டினார்கள். சுமார் 500 குடிமக்கள் நீதிபதிகளாக உட்கார்ந்து, ஓட்டுப் போட்டு, மரண தண்டனை கொடுத்தார்கள். தீர்ப்புச் சொன்னது கொடுங்கோல் மன்னன் அல்ல, ஜனநாயகம். இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

சரி, அவர் என்னதான் செய்தார்? 'குடியரசு' நூலின் தொடக்கத்தில் ஒரு காட்சி. செஃபலஸ் என்ற வயதான பணக்காரர். நியாயம் என்றால் உண்மை பேசுவது, வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது என்ற கருத்தில் பேசுகிறார். நாமும் அப்படித்தானே சொல்வோம்? சாக்ரடீஸ் கேட்கிறார்: நண்பன் ஒருவன் நல்ல புத்தியோடு இருக்கும்போது தன் ஆயுதத்தை உங்களிடம் கொடுத்து வைத்தான். இப்போது பைத்தியம் பிடித்த நிலையில் வந்து திருப்பிக் கேட்கிறான். கொடுப்பீர்களா? பெரியவர் கொடுக்கக்கூடாது என்று ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது மட்டும் நியாயம் ஆகாதே? பெரியவர் வாதத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, பூசைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விடுகிறார். நம்மூர்ப் பெரியவர்கள் செய்வதும் இதேதான்!

இதை நம் ஊர் வகுப்பறையில் செய்து பார்க்க முடியுமா? முடியும். நான் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் ஒரு பையன், தக்காளிக்கு நியாயமான விலை கிடைக்கணும் சார் என்றான். பாலக்கோடு மண்டியில் அந்த வாரம் விலை அடிமட்டத்துக்குப் போயிருந்தது. ஊர் முழுக்க இதே பேச்சு. நியாயமான விலை என்றால் என்னப்பா என்று கேட்டேன்.

"போட்ட காசு திரும்பி வரணும் சார்."

"ஒருத்தன் தேவைக்கு மேல் இரண்டு மடங்கு மருந்து அடித்துக் காசைக் கொட்டியிருக்கிறான். அவன் போட்ட காசையும் வாங்குகிறவர் கொடுக்கணுமா?"

வகுப்பு சிரித்தது. பையன் யோசித்தான். "இல்ல சார், தேவையான செலவு மட்டும். அதுக்கு மேல கூலி."

"யாருக்குக் கூலி?"

"எங்கப்பாவுக்கு."

பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "அப்ப பறிக்கிற ஆளுக்கு சார்? எங்கம்மா பறிக்கப் போறாங்க. விலை ஏறினப்பவும் அதே கூலிதான் கொடுத்தாங்க."

வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்தப் பையனின் அப்பா தோட்டத்துக்குத்தான் அவள் அம்மா போகிறாரோ என்னவோ, நான் கேட்கவில்லை. மணி அடித்துவிட்டது. முடிவு எதுவும் வரவில்லை. ஆனால் காலையில் 'நியாயமான விலை' என்ற இரண்டு சொல்லை வாயில் போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகள், மாலையில் அந்தச் சொல்லுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போனார்கள். சாக்ரடீஸ் செய்தது இவ்வளவுதான். அவருடைய உரையாடல்கள் பலவும் இப்படித்தான் முடிவில்லாமல் முடியும்.

உடனே சிலர் கேட்பீர்கள், நமக்கு எதற்கு சார் கிரேக்கன், நம்மிடம் இல்லாததா? நல்ல கேள்வி. நம்மிடம் இருந்தது. மணிமேகலை ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்டுக்கொண்டே வருகிறாள். யார் சொன்னாலும் சொன்னவரைப் பார்க்காதே, சொன்னதில் உண்மை இருக்கிறதா என்று பார் என்பது வள்ளுவர் 'அறிவுடைமை'யில் சொன்ன கருத்து. இவ்வளவு ஏன், நம் தகடூரையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய தருமபுரிதான் அது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாரிடம் அவன் தன் ஆயுதசாலையைக் காட்டிப் பெருமை அடிக்கிறான். ஆகா, உன் ஆயுதங்கள் எண்ணெய் பூசி மாலை சூட்டி எவ்வளவு அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானுடையவை எப்போதும் உடைந்து கொல்லன் பட்டறையில்தான் கிடக்கின்றன என்கிறார். புகழ்கிற மாதிரி இகழ்ந்து எதிராளியை யோசிக்க வைக்கிற இந்தக் குறும்பு, சாக்ரடீஸ் நாள் முழுக்கச் செய்த குறும்புக்கு உறவுதான்.

ஆகவே இது நமக்கு அந்நியப் பொருள் இல்லை. நாம் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்ட பொருள்.

இன்னொரு பக்கமும் உண்டு. கிரேக்கர்களைக் கோவிலில் வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. அரிஸ்டாட்டில் தர்க்கத்துக்கு இலக்கணம் வகுத்தவர், உயிரியலுக்கு அடித்தளம் போட்டவர். ஆனால் சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்று எழுதியவரும் அவர்தான். பெண்ணை ஆணுக்குக் கீழே வைத்தவரும் அவர்தான். இதைப் படிக்கும்போது நமக்கு நம் ஊர் சங்கதி ஞாபகம் வராமல் இருக்குமா?

பிளேட்டோ தன் லட்சிய நாட்டில் மனிதர்களை மூன்று வகுப்பாகப் பிரித்தார். ஆளுகிறவர், காவல் செய்கிறவர், உழைக்கிறவர். 1936இல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையில் இதை நேராக எடுத்துக்கொண்டு அடித்தார். ஒவ்வொரு மனிதனும் தனி ஆள், அவனை இரண்டு மூன்று பெட்டிக்குள் அடைக்க முடியாது, பிளேட்டோவுக்கு அது தெரியவில்லை, நால்வருணத்தின் கோளாறும் அதுவே என்பது அவர் வாதம். என்னைக் கேட்டால், பிளேட்டோவை உண்மையில் மதித்த இந்தியர் அம்பேத்கர்தான். மாலை போடவில்லை, குறுக்குக் கேள்வி கேட்டார்.

இதே அளவுகோலை நம் தொரப்பள்ளிக்காரருக்கும் வைக்க வேண்டும். 1953இல் முதலமைச்சராக இருந்த ராஜாஜி, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்கட்டும், மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெயர் வாங்கிய திட்டம். சாக்ரடீஸைத் தமிழில் எழுதியவரின் திட்டத்தில் பிளேட்டோவின் மூன்று பெட்டிகளின் நிழல் விழுந்திருப்பதாக எனக்குப் படுகிறது. பிளேட்டோவாவது, உழைக்கும் வகுப்பில் பிறந்த பிள்ளையிடம் தங்கம் தெரிந்தால் மேலே கொண்டுவர வேண்டும் என்றார். குலக்கல்வியில் அதற்கும் வழி குறைவு. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. நம்மில் எத்தனை பேர் அதனால் படித்து ஆசிரியர் ஆனோம், குமாஸ்தா ஆனோம், அதிகாரி ஆனோம் என்பதை உங்கள் வீட்டிலேயே எண்ணிக்கொள்ளுங்கள். ராஜாஜியின் அறிவையும் எளிமையையும் மதிக்கிறேன். மதிக்கிறவரிடம் கேள்வி கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

ஸ்டோயிக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எபிக்டெட்டஸ் அடிமையாக வாழ்ந்தவர். மார்க்கஸ் அரேலியஸ் 161 முதல் 180 வரை ரோமாபுரியை ஆண்ட சக்கரவர்த்தி. அடிமை சொன்னதைச் சக்கரவர்த்தி பாடமாக எடுத்துக்கொண்டார். நம் கையில் இருப்பது எது, கையில் இல்லாதது எது என்று பிரித்துப் பார், கையில் இல்லாததற்காக நொந்து சாகாதே என்பது அதன் சாரம். ஓய்வு பெற்ற என் போன்றவர்களுக்கு இது நல்ல மருந்து. முட்டி வலி நம் கையில் இல்லை, முகத்தைச் சுளிப்பது நம் கையில் இருக்கிறது!

ஆனால் இந்த மருந்தைக் கேள்வி இல்லாமல் கொடுத்தால் அது மயக்க மருந்து ஆகிவிடும். தக்காளி விலை உன் கையில் இல்லை, கூலி உன் கையில் இல்லை, பதினாறு வயதில் கல்யாணம் உன் கையில் இல்லை, பொறுத்துக்கொள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட முடியும். அங்கேதான் சாக்ரடீஸ் தேவைப்படுகிறார். உண்மையிலேயே கையில் இல்லையா, அல்லது கையில் இல்லை என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்களா என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

நான் ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன்? 2018 மே மாதம் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையிலிருந்து குலதெய்வம் கோவிலுக்குப் போன ஒரு குடும்பம். வழியில் நின்ற பிள்ளைகளுக்கு அந்த வீட்டு மூதாட்டி சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் சுற்றுகிறது என்று அப்போது வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஊர் கூடியது. அடித்தே கொன்றுவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கொடியவர்களா? இருக்க முடியாது. பள்ளிக்கூடம் போனவர்களும் இருந்திருப்பார்கள். தேர்வில் பாஸ் செய்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர், ஒரே ஒருவர், யாருடைய பிள்ளை காணாமல் போனது, எந்த ஊரில், நேரில் பார்த்தவர் யார் என்று மூன்று கேள்வி கேட்டு, எல்லாரும் நின்று கேட்டிருந்தால் ஒரு உயிர் பிழைத்திருக்கும். சாக்ரடீஸுக்கு விஷம் கொடுத்தவர்களும் ஊர்ப்பேச்சைக் கேட்டு வந்தவர்கள்தான். என் மேல் பழைய குற்றச்சாட்டு ஒன்று வருடக்கணக்காக உங்கள் காதில் ஓதப்பட்டிருக்கிறது, ஓதியவர் யார் என்று பெயர்கூடச் சொல்ல முடியாது என்று அவரே நீதிமன்றத்தில் முறையிடுகிறார். இன்றைய மொழியில் சொன்னால், யார் முதலில் அனுப்பினார் என்று தெரியாத ஃபார்வர்டு மெசேஜ்!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம் தருமபுரி. சுமார் 68.5 சதவீதம். மாநிலம் 80. அதிலிருந்து மேலே ஏறத்தான் இத்தனை பள்ளி, இத்தனை உழைப்பு. அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எழுத்து தெரிந்த கை ஃபார்வர்டு பட்டனை அழுத்தும்போது, எழுத்தறிவு மட்டும் போதாது என்று தெரிந்துவிடுகிறது.

என்னோடு பணிபுரிந்தவர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். சிலபஸ் முடிக்கவே நேரம் இல்லை. நூறு சதவீதத் தேர்ச்சி கேட்கிறார்கள். பிள்ளைகளைக் கேள்வி கேட்க விட்டால் வகுப்பு கட்டுப்படாது. மரியாதை போய்விடும். முதல் இரண்டும் நியாயமான கஷ்டங்கள். மூன்றாவதும் நான்காவதும் அப்படி இல்லை. கேள்வி கேட்கிற பிள்ளைதான் நம் பாடத்தைக் கவனிக்கிறது. தலையாட்டுகிற பிள்ளை ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது.

பத்தாம் வகுப்பில் ஒரு முறை சாக்ரடீஸின் சிறைக்கதையைச் சொன்னேன். கிரிட்டோ என்ற நண்பர் காவலாளிக்குப் பணம் கொடுத்துத் தப்பிக்க ஏற்பாடு செய்கிறார். சாக்ரடீஸ் மறுக்கிறார். இத்தனை நாள் இந்த ஊர்ச் சட்டத்தின் கீழ் வாழ்ந்துவிட்டு, எனக்கு எதிராகத் தீர்ப்பு வந்ததும் ஓடலாமா என்கிறார். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "அவருக்குப் பொண்டாட்டி பிள்ளைங்க இருந்தாங்களா சார்?" இருந்தார்கள், மனைவி பெயர் ஸாந்திப்பி, மூன்று மகன்கள், அதில் இருவர் சின்னப் பிள்ளைகள் என்றேன். "அப்ப அவங்கள யார் சார் காப்பாத்துவாங்க? அவர் சட்டத்துக்குக் கொடுத்த மரியாதையை வீட்டுக்கு ஏன் சார் கொடுக்கல?"

பிளேட்டோவின் நூலில் கிரிட்டோவும் இதைக் கேட்கிறார். சாக்ரடீஸ் அதற்கும் பதில் சொல்கிறார். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. போதவில்லை சார் என்று சொல்லிவிட்டே உட்கார்ந்தாள். குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாவது வரை வந்த பெண். உலகமே மதிக்கிற ஒரு பெரிய மனிதரை எதிர்த்து, மரியாதை குறையாமல், காரணத்தோடு பேசினாள். சாக்ரடீஸ் அந்த வகுப்பில் இருந்திருந்தால் அவளோடு அரை நாள் உட்கார்ந்து பேசியிருப்பார்.

எனவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்துக்கு ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்தப் பத்து நிமிடமும் பிள்ளைகள் மட்டும் கேட்கட்டும். பதில் தெரியாவிட்டால் தெரியாது, தேடிப் பார்ப்போம் என்று சொல்லுங்கள். டெல்ஃபியின் குறிசொல்லும் தெய்வம் சாக்ரடீஸை விட அறிவாளி இல்லை என்று சொன்னதாம். அவர் ஊரெல்லாம் சுற்றி விசாரித்துவிட்டு, தெரியாததைத் தெரியும் என்று நினைக்காத ஒன்றில்தான் தனக்கு அந்தப் பெயர் என்று கண்டுபிடித்தார். அதற்கு பி.எட். தேவையில்லை.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை 'ஏன்?' என்று கேட்டால் வாயை அடைக்காதீர்கள். ஓரை பார்க்கும்போது, ஓரை என்றால் என்னப்பா என்று கேட்டால்கூட, 25ஆவது ஓரையின் கணக்கைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள்.

நம் தமிழில் ஒரு வசதி உண்டு. 'கேள்' என்ற ஒரே சொல்லுக்குக் காது கொடு என்றும் பொருள், வினா எழுப்பு என்றும் பொருள். இதுவரை நம் பிள்ளைகளிடம் முதல் பொருளில் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சொன்னா கேளு, சொன்னா கேளு என்று. இரண்டாவது பொருளிலும் சொல்லிப் பார்ப்போம்.

நாளைக் காலை ஆறு மணிக்கு எனக்குப் பொன்மொழி அனுப்பப் போகும் நண்பர்களே, தாராளமாக அனுப்புங்கள். அனுப்பும் முன், இதை அவர் எந்த நூலில், யாரிடம் சொன்னார் என்று ஒரே ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியையே எனக்கு அனுப்பினால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற சமூக அறிவியல் ஆசிரியர்,
மாரண்டஹள்ளி.